நடுவில் நிற்கும் சிறுமி

"இன்னும் இருக்கீங்களா நீங்கல்லாம்?"

சலவைக் கடைக்கார அம்மா இப்படிக் கேட்டதும் சேவைச் சங்கத்தின் செயலாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சங்கத்தை இப்போதெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை.

"ஐம்பது வருஷமா இருக்கோம்மா. வர்ற ஞாயித்துக்கிழமை பொன்விழா. அதுக்குள்ள பேனர்ல இருக்கிற இந்தக் கறை போகணும்."

அந்த அம்மா கறையைப் பார்க்கவில்லை. துணியின் நடுவில் தைத்திருந்த சங்கத்தின் சின்னத்தின் மேல் விரலை வைத்தார். இரண்டு பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்திருக்க, நடுவில் ஒரு சின்னப் பெண்.

"இது நான்தான்" என்றார், ரசீது நம்பர் சொல்வதைப் போல.

செயலாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சங்கம் பிறந்ததே அந்தச் சிறுமியால்தான். பேருந்து நிலையத்தில் தொலைந்துபோய் நின்ற குழந்தையை ஒரு பல் டாக்டரும் அவர் நண்பரும் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சேர்த்த கையோடு, இந்த மாதிரி நல்ல காரியங்களுக்கென்றே ஒரு சங்கத்தையும் ஆரம்பித்தார்கள். நண்பர் காலமாகிவிட்டார். டாக்டர் இருக்கிறார், எண்பத்து நாலு வயதில், சொந்தப் பல்லோடு.

"அம்மா, நீங்க விழாவுக்கு வந்தே ஆகணும்!"

"வேலை கிடக்கு. வெள்ளிக்கிழமை வாங்க, துணி ரெடியா இருக்கும்."

கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று செயலாளர் நினைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே சங்க அறையின் பீரோவைக் குடைந்து, முதல் வருஷத்து நடவடிக்கைப் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்திலேயே இருந்தது, டாக்டரின் முத்து முத்தான கையெழுத்தில்.

'சிறுமிக்குப் பத்து வயது இருக்கும். கையில் ஒரு பை. அதில் மாற்றுத் துணி மூன்று, ஒரு சீப்பு, பாதிச் சோப்பு, ஒரு போர்வை. யாவும் குறைவின்றி ஒப்படைக்கப்பட்டன. வழி நெடுகச் சிறுமி ஆனந்தக் கண்ணீர் வடித்தாள். தகப்பனார் மகிழ்ச்சி மிகுதியால் நன்றி சொல்லவும் மறந்து, குழந்தையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.'

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்தான். ஆனாலும் அன்று அவருக்கு எழுத்து மங்கலாகத்தான் தெரிந்தது.

அந்த அம்மா எப்படியாவது வந்தாக வேண்டும். ஒரு காலத்தில் எழுபது பேர் இருந்த சங்கம். ரத்த தானமென்ன, கண் பரிசோதனை முகாமென்ன, ஓடியாடிச் செய்த சங்கம். இப்போது ஒன்பது பேர். அதில் நாலு பேருக்கு மாடிப்படி ஏற முடியாது. இந்த விழாவிலும் புது ஆட்கள் சேரவில்லை என்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா நின்றபடி ஒரு சட்டைக் காலரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பேனரில் கறை போன இடம் தெரியவில்லை.

"வேலையில கெட்டிக்காரிதாம்மா நீங்க! விழாவுக்கு வாங்கம்மா. ஒரு பத்து நிமிஷம்."

"அதெல்லாம் வேணாம்."

"டாக்டருக்காகவாவது வரக்கூடாதா? அன்னிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போனாரே, அவரு."

இஸ்திரிப் பெட்டி நின்றது. "உசிரோட இருக்காரா?"

"இருக்காரும்மா. உங்களை ஒரு தடவை பார்க்காம கண்ணை மூடமாட்டேங்கிறார்."

அந்த அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "காது கேக்குமா?"

"நல்லாக் கேக்கும்."

"அப்ப வர்றேன்" என்றார். பெட்டி மறுபடியும் காலரின் மேல் நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபம் நிறைந்திருந்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் செயலாளர் தன் கையாலேயே ஓர் உறுப்பினர் விண்ணப்பத்தை வைத்திருந்தார். பத்திரிகையிலிருந்து ஒரு போட்டோக்காரர்கூட வந்திருந்தார்.

அந்த அம்மா சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தார். கஞ்சி போட்டு மடிப்பு எடுத்த உடை, முகத்திலும் ஒரு சுருக்கம் அசையவில்லை. டாக்டர் தடியை ஊன்றி எழுந்து, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அடையாளமே தெரியலையேம்மா!"

"எனக்கு உங்களை நல்லாத் தெரியுது டாக்டர்."

போட்டோக்காரர் அப்படியே நிற்கச் சொல்லி நாலைந்து படம் எடுத்தார். முன் வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். அவள் பக்கத்தில் இருந்தவர் விண்ணப்பத்தில் பெயர் எழுத ஆரம்பித்ததைச் செயலாளர் மேடையிலிருந்தே பார்த்துவிட்டார். அவருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

டாக்டர் பேசினார். வருஷா வருஷம் பேசுவதுதான். பேச்சின் முடிவில் வருஷா வருஷம் ஒரு கேள்வி கேட்பார். பதில் சொல்ல ஆள் இல்லாததால் இதுவரை கைதட்டல்தான் பதிலாக வந்திருக்கிறது. இன்று சபையைப் பார்த்துக் கேட்காமல், அந்த அம்மாவின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நீயே சொல்லும்மா. அன்னிக்கு நாங்க மட்டும் உன்னைப் பார்க்காமப் போயிருந்தா, நீ என்னம்மா ஆகியிருப்பே?"

செயலாளர் ஓடிப்போய் மைக்கை அந்த அம்மாவின் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார். அவர் அதை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தப்பிச்சிருப்பேன் டாக்டர்."