பாகற்காய் பிடித்தவர்

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்ததும், கொழுந்தன் ரொசாரி மேசைமேல் குரல்பெட்டியை வைத்தான். இறந்தவர் இணையத்தில் விட்டுப்போன எல்லாவற்றையும் திரட்டி, அவராகவே பேசும் பெட்டி.

“கேளுங்க மதினி, அண்ணன் பேசுவான்.”

செலினுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு மாதமாக அந்தக் குரலுக்காகத்தான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

“ஏங்க, சாப்பிட்டீங்களா?”

“பாகற்காய் வச்சியா? அதில்லாம எனக்குச் சோறு இறங்காதே,” என்றது அவள் கணவர் இஞ்ஞாசியின் குரல்.

பாகற்காயைக் கண்டால் தட்டையே தள்ளிவிடுகிற மனிதர்.

“நாம முதல்ல பாத்துக்கிட்டது எங்க?”

“ஊட்டியில, படகுல.”

அவர்கள் ஊட்டிக்குப் போனதே இல்லை.

செலினுக்கு விளங்கிவிட்டது. இணையப் பாதுகாப்புப் புத்தகங்களை இருவரும் சேர்ந்து படித்த காலத்தில், “படிவத்துல உண்மையை எழுதினா, வீட்டுச் சாவியை வாசல்ல தொங்கவிட்ட மாதிரி” என்பார் அவர். எந்தக் கேள்விக்கும் பொய்தான் எழுதுவார். பொய்களை யோசித்துச் சொன்னது அவள். பாகற்காயும் ஊட்டியும் அவள் கொடுத்தவை.

“அண்ணன்தானே மதினி? பெட்டியில ‘ஆம்’னு அமுக்குங்க. தப்பா இருந்தா ‘இல்லை’னு அமுக்கி, நீங்க சரியானதைச் சொல்லித் திருத்தலாம்.”

திருத்தினால் அவர் திரும்பி வருவார். இத்தனை வருடம் அவர் யாருக்கும் கொடுக்காத உண்மைகள் எல்லாம் பெட்டியைச் செய்த கம்பெனிக்காரன் கையில் போய்ச் சேரும். அவள் விரல் ‘இல்லை’ வரை போய்த் திரும்பியது.

“அவருதான்,” என்று ‘ஆம்’ அமுக்கிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

முதுகுக்குப் பின்னால் அவர் குரல் பாகற்காய் கேட்டுக்கொண்டே இருந்தது.