ஆமையோட்டு டப்பி

ஆமையோட்டு டப்பியின் மூடியைத் திறந்து, அடியைச் சுரண்டிப் பார்த்தாள். ஒரு சிட்டிகைப் பொடிகூடத் தேறவில்லை.

கணவர் போய் ஒரு மாதம். துக்கம் கேட்க வருகிறவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். இத்தனை பெரிய வீட்டில் இப்போது அவளும் இந்தக் கண்ணாடி அலமாரியும்தான்.

அலமாரி நிறைய அவருடைய மூக்குப்பொடி டப்பிகள். நீதிபதி வந்தால் வைரம் பதித்த தங்க டப்பி நீளும். வியாபாரிகளுக்கு வெள்ளி, மூடியில் வேட்டை நாய்கள். வரி அதிகாரிக்கு எதை நீட்டுவது என்று ஒருமுறை அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டார். எந்த டப்பி நீள்கிறது என்பதை வைத்தே வந்தவர் தன் மதிப்பைத் தெரிந்துகொள்வார்.

ஆமையோட்டு டப்பி மட்டும் யாருக்கும் நீண்டதில்லை. அது அவர் தனியாக இருக்கும்போது போட்டுக்கொள்ள என்று நினைத்திருந்தாள். கீழ்த்தட்டில் இருக்கும். எவ்வளவு குறைந்தாலும் மறுபடி நிரம்பிவிடும்.

குறைத்தவள் அவள்தான்.

கல்யாணமாகி வந்தபோதே ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம். பெரிய வீட்டு மருமகள் பொடி போடுவதாவது! வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். அவர் வாசல் தாண்டியதும் ஒரு சிட்டிகை. பிறகு மூக்கைக் கழுவிக்கொண்டு, டப்பியைத் தட்டிச் சமன்செய்து வைப்பாள். முப்பது வருஷம் திருட்டுப் பூனை வாழ்க்கை.

வாசம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அவர் அருகில் மூச்சை அடக்கிக்கொள்வாள். நாளடைவில் அருகில் உட்காருவதையே விட்டுவிட்டாள்.

வாசலில் பொடிக்கடைக்காரர் வந்து நின்றார், கையில் பொட்டலத்தோடு. அவருக்குச் செய்தியே தெரியாது. கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இனிமே பொடி வேண்டாம். போடுறவரே போயிட்டாரு,” என்றாள், பொட்டலத்தைப் பார்க்காமல்.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“ஐயா எங்கம்மா பொடி போட்டாரு? கடைப்படி ஏறினாலே அடுக்குத் தும்மல்தான். ‘வீட்ல அவளுக்குத்தான்யா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா கூச்சப்பட்டு விட்டுடுவா, பாவம்’னு சொல்லுவாரு.”

பொட்டலத்தை அவள் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

அவள் வெடுக்கென்று உள்பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, இந்த மனுஷன் சொல்றதக் கேட்டீங்களா?” என்று கூப்பிட்டுவிட்டாள்.