டிசம்பர் லீவு

கல்யாணமாகி வளைகுடா நாட்டுக்கு, கராமா பகுதி ஃப்ளாட்டுக்குப் புதிதாய் வந்த சங்கீதா, டூட்டி முடிந்து சோபாவில் சாய்ந்த கணவன் விஜயபாஸ்கரிடம் போனை நீட்டினாள்.

"ஏங்க, டிசம்பர் லீவுக்கு ஜார்ஜியா! நாலு நாளும் பனியில ஸ்னோமொபைல் ஓட்டலாம். ராத்திரிக்கு மலை லாட்ஜ். புக் பண்ணவா?"

"உனக்கு ஆசைன்னா பண்ணும்மா."

"என்ன சலிப்பு? இந்த வெயில் ஊர்ல இருந்துக்கிட்டு, பனின்னா துள்ள வேணாமா?"

அவன் குனிந்து ஷூவைக் கழற்றினான். உள்ளே இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ்.

"கம்பளியா!"

"பொண்ணு பார்க்க வந்தப்ப, ஏசியில வேலைன்னு உங்கப்பாகிட்ட சொன்னேன்ல? மீன் கம்பெனி ஃப்ரீசர்ம்மா அது. மைனஸ் இருபது."

சங்கீதா அவன் பாதத்தைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. போனை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஜார்ஜியா வேணாங்க. லீவு பூரா பீச்சுல உக்காந்து வெயில் காயலாம்."