மூடியும் நிற்காத குரல்

கம்ப்யூட்டரில் பிரவுசரை மூடினாலும் அதன் குரல் நிற்கவில்லை. கண் தெரியாத பாவாத்தாளுக்கு, ஓடிப்போய்க் கல்யாணம் கட்டிய மகளின் கடிதங்களைப் படித்துச் சொல்லும் குரல் அது. அவள் புருஷன் சென்னியப்பன் மூடித் தொலைத்த பிறகும் வீடெல்லாம் அந்தக் கழுதையின் சங்கதியே கேட்டது. மெக்கானிக் இருதயராஜ் பிரவுசரில் ஏற்றியிருந்த பிளகின் என்ற துணை நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் பிரவுசரை மூடிப் பார்த்தான். ஐந்தாவதை நிறுத்தியதும் சத்தம் அடங்கியது.

“கோளாறு இதுலதானுங்க ஐயா. புதுசா ஏத்திட்டாச் சரியாப் போயிரும்.”

“நீ ஏத்தறதை எவன் நம்பறது? புடுங்கி எறி.”

“அப்புறம் அம்மாவுக்கு யாருங்க படிப்பா?”

“நானென்ன செத்தா போயிட்டேன்?”

அவன் போனதும் பாவாத்தாள் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். “ஏனுங்க, புள்ளை என்ன எழுதியிருக்குது?”

இரண்டாம் வகுப்போடு நின்ற சென்னியப்பன் திரையில் விரல் வைத்து, மனதுக்குள் எழுத்துக்கூட்டினார். ‘அம்மா, ஞாயித்துக்கிழமை வர்றேன். பேரனைத் தொட்டுப் பாக்க வாசலுக்காவது வா.’

“இனிமே எழுத மாட்டாளாம்.”

பாவாத்தாள் திரைப் பக்கம் காதைச் சாய்த்தாள். “இன்னொருக்காப் படிங்க,” என்றாள்.

சென்னியப்பன் மறுபடி திரையில் விரலை வைத்தார். இனிமே எழுத மாட்டாள் என்ற அதே பொய்யை, இம்முறை நிஜமாகவே படிப்பவரைப் போல, ஒவ்வொரு எழுத்தாகத் திக்கித் திக்கிச் சொன்னார்.