கடைசிப் பிரதி

பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிய வாசுகிக்கு ஒரே ஒரு புத்தகம்தான் அகப்பட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்புவரை ஸ்கூடாயில் அவள் வீட்டுக் கூடத்தில் புத்தகம் நிறைந்த நான்கு பெட்டிகள் இருந்தன. மின்விசிறிக்கும் துணிக்கூடைக்கும் மேசையாக உழைத்துக்கொண்டிருந்தன.

பெக்கான் நானாஸ் அன்னாசித் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி அவள் எழுதிய முதல் நாவல் அது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளியீடு. வந்தவர்கள் முறை தவறாமல் பண உறையைக் கொடுத்தார்கள், புத்தகத்தை வாங்கினார்கள், மீகூன் சாப்பிட்டார்கள். பாதிப் பேர் புத்தகத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை அவளே பொறுக்கிச் சேர்த்தாள்.

பெட்டிகள் காலியாகாமல் அடுத்த நாவலைத் தொடுவதில்லை என்று அன்றே சொல்லிவிட்டாள். இனி எழுதப்போவதில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று கணவன் ராஜசேகரனுக்குப் புரிந்தது.

பிறகு கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஊரே வீட்டுக்குள் அடைந்தது. படம் பார்த்துச் சலித்தார்கள், கேக் சுட்டுச் சலித்தார்கள்.

வெளியீட்டில் தப்பித்தவறிப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த ஆயர் ஈத்தாம் ஊர் ஆசிரியை அந்தோணியம்மாள், ஏழாம் அத்தியாயத்தில் அழுதுவிட்டதாக வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்.

அவ்வளவுதான். நாளுக்குப் பத்து, பதினைந்து என்று கேட்டு வந்தார்கள். பொட்டலம் கட்டிக் கட்டி ராஜசேகரனுக்கு இடுப்பு விட்டுப்போனது. கதாநாயகியின் தங்கையை ஏன் சாகடித்தீர்கள் என்று சிலர் சண்டைக்கே வந்தார்கள். வாசுகிக்குத் தலைகால் புரியவில்லை. வாசித்தவர்கள்தானே சண்டை போடுவார்கள்!

இன்று காலை டத்தோ குணாளனே அழைத்தார். அன்று மேடையில் டத்தோ பட்டம் பெற்ற பிரமுகராக முதல் நூலை வாங்கி, எல்லாக் கேமராவுக்கும் சிரித்தவர்.

"ஒரு புக் அனுப்புங்கம்மா. வீட்ல எல்லாரும் அதப் பத்தியேதான் பேசுறாங்க. அன்னைக்கு வாங்குனத எங்கயோ வச்சிட்டேன் லா, தேடுறேன், கிடைக்கல."

"கடைசியா ஒன்னு இருக்குங்க, டத்தோ. உங்களுக்குத்தான்."

வாசலில் கூரியர்காரர் ஹாரன் அடித்தார். டத்தோவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி ராஜசேகரன் பேனாவை நீட்டினான்.

வாசுகி அதை வாங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். அடுத்த நாவலுக்கு அது வேண்டும்.

இந்தப் பிரதிக்குத் தேவைப்படவில்லை. முதல் பக்கத்தில் டத்தோவின் பெயரும் அவளுடைய கையெழுத்தும், வெளியீட்டு நாள் தேதியோடு, ஏற்கெனவே இருந்தன.