விட்டுப்போன சான்றிதழ்

“எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு, மேடம். என் பிரவுசர்ல நல்லாவே திறக்குது,” என்றான் அவன், மூன்றாவது முறையாக.

“எங்க சர்வருக்குத் திறக்க மாட்டேங்குதே, சார்,” என்றாள் மறுமுனையில் இருந்த இன்ஜினீயர். மருந்துக் கிடங்குக் கம்பெனியைச் சேர்ந்தவள். குரலில் துளியும் சூடு இல்லை.

காலை ஒன்பது மணிக்கு அவன் தன் கம்பெனி சர்வரில், அது யாருடைய சர்வர் என்று காட்டும் பழைய பாதுகாப்புச் சான்றிதழை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டிருந்தான். அப்போதிலிருந்து அந்த சர்வர் வழியாகப் போகும் முப்பது ஆஸ்பத்திரிகளின் மருந்து ஆர்டர்கள் கிடங்குக்குப் போகாமல் குத்துக்கல் மாதிரி நின்றன. இப்போது மணி பத்தரை. வீட்டு அறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். அதே அழைப்பில் மேனேஜரும் இருந்தார். தப்பு நம் பக்கம் என்று வந்தால் இந்தப் பொறுப்பு வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அவர் காலையிலேயே சொல்லிவைத்திருந்தார்.

“ஒண்ணு பண்ணுங்க மேடம்,” என்று மேனேஜர் குறுக்கே புகுந்தார். “ஒரு மணி நேரத்துக்கு உங்க சர்வர் சான்றிதழைப் பார்க்காம விட்டுடட்டும். முதல்ல ஆர்டர் போகட்டும், அப்புறம் நிதானமா பார்த்துக்கலாம்.”

“அந்த ஒரு மணி நேரத்துல எவன் வந்து நான்தான் உங்க சர்வர்னு சொன்னாலும், நாங்க நம்பி மயக்க மருந்தை அனுப்பணுமே சார். அது முடியாது.”

மேனேஜரை விட்டுவிட்டு அவள் பேச்சை அவனிடம் திருப்பினாள்.

அவள் படிப்படியாகக் கேட்டாள். சர்வர் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா? காட்டியது. சான்றிதழும் அதன் ரகசியக் குறியீட்டுச் சாவியும் ஜோடி சேர்கின்றனவா? சேர்ந்தன. அவன் தடுமாறிய இடத்திலெல்லாம் காத்திருந்தாளே தவிர, ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை.

“சரி, புது ஃபைலைத் திறங்க சார். அதுல எத்தனை சான்றிதழ் இருக்கு?”

“ஒண்ணு.”

“பழைய ஃபைல்ல?”

திறந்து பார்த்தான். “ரெண்டு.”

“அதான். சான்றிதழ் குடும்பத்துல தாத்தாவை எங்க சர்வருக்குத் தெரியும். உங்க புதுச் சான்றிதழ்ங்கற பேரன் வாசல்ல வந்து நிக்கறான். நடுவுல அப்பா யாருன்னு சொல்லலைன்னா எப்படி உள்ள விடும்? உங்க பிரவுசர் அந்த அப்பாவை எங்கேயோ பார்த்து ஞாபகம் வச்சிருக்கு. அதனால உங்களுக்கு மட்டும் திறக்குது.”

விட்டுப்போன நடுச் சான்றிதழைச் சேர்த்தான். அரை நிமிடத்தில் ஆர்டர்கள் மளமளவென்று ஓடத் தொடங்கின.

“அப்போ தப்பு நம்ம பக்கம்தான்,” என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

“இதுல சறுக்காத ஆளே கிடையாது சார். நானும் சறுக்கியிருக்கேன். அவர் ஒவ்வொண்ணா பொறுமையா பார்த்துச் சொன்னதாலதான் கண்டுபிடிக்க முடிஞ்சுது,” என்று சொல்லிவிட்டு அவள் அழைப்பிலிருந்து விலகினாள்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே வார்த்தையில் மாட்டிவிட்டிருக்கலாம். அதற்கு அவளுக்கு இன்றைக்கு எல்லா நியாயமும் இருந்தது. என்ன அறிவு, அதற்கு மேல் என்ன மனசு என்று நினைத்துக்கொண்டான்.

“வேலை தெரிஞ்சவங்கன்னா இப்படி இருக்கணும்,” என்றார் மேனேஜர். உங்கள் பொறுப்பு உங்களிடமே இருக்கட்டும் என்றும் போகிற போக்கில் சொன்னார். “நம்ம கம்பெனிக்கு வருவாங்களான்னு நீங்களே பேசிப் பாருங்களேன்.”

“என்கூடப் பேசுவாங்களான்னு தெரியல, சார்.”

“இவ்வளவு நேரம் பேசினாங்களே?”

“அது ஆபீஸ் விஷயம் சார்.”

ஹெட்செட்டைக் கழற்றி வைத்தான். சமையலறைக்குப் போய் இரண்டு காபி கலந்தான். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுப் படுக்கையறைக் கதவைத் தட்டினான்.

மடிக்கணினியை மூடிவிட்டு நிமிர்ந்த அவன் மனைவி, காபியை வாங்கிக்கொண்டே சொன்னாள்: “மூணு நாளா வீட்டுல முகம் கொடுத்துப் பேசாத மனுஷனை, மேனேஜர் முன்னாடி மேடம் மேடம்னு உருக வைக்க ஒரு சான்றிதழ் தொலைய வேண்டியிருக்கு.”