பிடியரிசி வாங்குகிற வீடு

"ஏட்டி, பானையில கெடக்கதே ரெண்டு வேளைக்குத்தான். அதுலயும் ஒரு பிடி எடுத்தாகணுமா?"

புருஷன் ரத்தினம் கேட்டது ஜெயபாயின் காதில் விழுந்தது. கைதான் கேட்கவில்லை. உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி ஒரு வார்த்தை முணுமுணுத்து, அடுப்படி மூலையில் இருந்த சின்னக் கலயத்தில் போட்டாள். சோறு பொங்கும்போதெல்லாம் இப்படி ஒரு பிடி; பிடியரிசி என்று பேர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது கொண்டுபோய் அங்குள்ள பெரிய பெட்டியில் கொட்டிவிட வேண்டும். சபையில் ரொம்பக் கஷ்டப்படுகிற ஒரு வீட்டுக்கு அது போய்ச் சேரும். எந்த வீடு என்பது சபையை நடத்துகிற உபதேசியாருக்கு மட்டும்தான் தெரியும்.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்னு சும்மாவா சொன்னாக?" என்றான் ரத்தினம்.

"மிஞ்சினதைப் போட ஆண்டவரு எதுக்கு? அதுக்குக் கோழி போதும்."

பிள்ளைகள் இரண்டும் சிரித்தன. ஜெயபாயிடம் பேசி ஜெயித்தவர் இராஜபாளையத்தில் இன்னும் பிறக்கவில்லை.

ரத்தினம் வேலை பார்த்த நூல் மில்லை மூடி ஐந்து மாதம். ஜெயபாய் போகிற பேண்டேஜ் கம்பெனியிலும் வாரத்துக்கு ஒரு நாள், போனால் போகிறதென்று இரண்டு நாள் வேலை. அந்தக் கூலி வாடகைக்கும் விறகுக்குமே காணாது. திங்கட்கிழமை விடியுமுன்னே ரத்தினம் பையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்புவான். பொழுது சாய அரிசியோடு வருவான். அதில்தான் அடுப்பு எரிந்தது.

"இன்னைக்கும் மூட்டை ரொம்பவோ?" என்று கேட்டபடி அவள் அரிசியைச் சுளகில் கொட்டுவாள்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில ஒரு லாரி வந்துச்சு. எறக்கிப் போட்டேன். கடையில சிந்திக் கெடந்ததைக் கூட்டி அள்ளித் தந்தாக."

வெள்ளை, சிவப்பு, குண்டு, சன்னம் என்று எல்லாம் கலந்து கிடக்கும். அதுவும் ஓர் அழகுதான் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

கம்பெனியில் வெள்ளைத் துணி மடிப்பு மடிப்பாக மடியில் வந்து விழும்போது அவளுக்குக் கண் சொருகும். கை வேலை செய்துகொண்டே இருக்கும், மனசு எங்கேயோ மிதந்து போய்விடும். ஒருநாள் ராத்திரி ரத்தினத்துக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இன்னைக்கும் அந்த வீட்டைப் பாத்தேன்."

"எந்த வீட்டை?"

"பிடியரிசி வாங்குத வீட்டை. மலையடிவாரத்துல, முருங்கை மரத்துக்குக் கீழ. அந்தப் பொம்பள சோறு வடிச்சுக்கிட்டு நிக்கா. ஆவி அப்படியே மேல போய் மேகத்தோட சேந்துக்கிடுது. உள்ள வாங்கக்கான்னு என்னையக் கூப்பிடுதா."

"பகல்கனவு காணுததுக்கா கம்பெனியில கூலி தாராக?"

"அவ புருஷன் மட்டும் கண்ணுலயே படல. எங்க காலை நீட்டிப் படுத்திருக்கானோ? ஊரார் அள்ளிப் போடுத அரிசியில பொண்டாட்டி பொங்குதா. உக்காந்து திங்க எப்படி மனசு வருது அவனுக்கு?"

ரத்தினத்தின் கை தட்டிலேயே நின்றது.

"ஒரு மனுஷனைப் பாக்காமலே அம்புட்டுப் பேசாத" என்று பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டான்.

அவளுக்குச் சுருக்கென்றது. பேசியது தப்புத்தான். அன்றைய குடும்ப ஜெபத்தில், "என் வாய்த்துடுக்கை மன்னியும் ஆண்டவரே. அந்த மனுஷனுக்கு ஒரு வேலையைக் குடும். அவரு தலை நிமிந்து நடக்கணும்" என்று வேண்டினாள். பிள்ளைகள் மட்டும்தான் ஆமென் சொன்னார்கள். ரத்தினம் தூங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அவனுக்கு அனலாகக் காய்ச்சல். எழுந்தான், கால் தரிக்கவில்லை, சாய்ந்துவிட்டான்.

"செத்த நேரம் பொறுத்துப் போயிருதேன்."

"ஒண்ணும் போகாண்டாம். நான் உபதேசியாரை ஜெபம் பண்ணச் சொல்லிட்டு வாரேன்."

"அங்க எதுக்குப் போற? போகாத ஜெயா."

காய்ச்சலில் பிதற்றுகிறான் என்று கிளம்பிவிட்டாள். பானையில் ஒரு மணி அரிசி இல்லை. கலயத்தில் இருந்ததையும் நேற்றுத்தான் கொட்டிவிட்டு வந்திருந்தாள். சாரல் பூப்போல விழுந்துகொண்டிருந்தது. மலையைக் காணவே இல்லை, எல்லாம் மேகம். அந்த முருங்கை மர வீட்டை நோக்கித்தான் நடக்கிறோமோ என்று அவளுக்கே ஒரு மயக்கம்.

உபதேசியார் ஜெபித்து முடித்ததும் கண்ணைத் திறந்தாள். எதிரே கட்டி வைத்த அரிசிப் பை.

"பிடியரிசியா அய்யா? இன்னும் வந்து வாங்கலையா?"

"இல்லம்மா. எப்பவும் விடியவே வந்துருவாக."

இதில் ஒரு ஆழாக்கு கேட்டால் என்ன? காய்ச்சலில் கிடக்கிறவருக்குக் கஞ்சியாவது வைக்கலாமே. ஒரு நிமிஷம் மனசு அலைந்தது. ஆண்டவருக்கென்று அள்ளி வைத்ததில் கை வைப்பதா, சீ என்று அதை அடக்கினாள்.

"குடுங்கய்யா, நான் கொண்டுபோய்ச் சேக்கேன். பேரு கேக்கமாட்டேன். வாசல்ல வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருதேன். பாவம், புள்ளைக பசியில கெடக்கும்."

உபதேசியார் பையைத் தூக்கி அவள் இடுப்பில் ஏற்றிவிட்டார்.

"எந்தத் தெரு அய்யா?"

"நேரா ஒன் வீட்டுக்குப் போ தாயி" என்றார் உபதேசியார். "அஞ்சு மாசமா வந்து வாங்கிட்டுப் போறது ரத்தினந்தான்."